பேரீச்சம்பழக்காரரின் தராசு

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருபவரை எங்கள் தெருவில் பார்த்து வெகுநாளாயிற்று. ஓட்டைச் சொம்பைக் கொடுத்தால் கை நிறையப் பழம் தருவார். துருப்பிடித்த ஆணிகளுக்கு நாலு பழம். பிஸ்கட் உறையை நீட்டினால் சிரிப்பு மட்டும்தான். வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுப்பதால் பூமிக்கு நிஜமாகவே லாபம் உண்டா என்று யாராவது கேட்டால், எனக்கு அவருடைய தராசுதான் ஞாபகம் வரும். பூமிக்குக் கிடைக்கும் லாபத்தையும் அந்தத் தராசு ஏறக்குறைய சரியாகவே நிறுக்கும். இரண்டு இடங்களில் மட்டும் ஏமாற்றிவிடும்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம் (வீட்டில் ஈயப் பாத்திரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், நிஜ ஈயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இதன் தாது பாக்சைட். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் முன்பு வெட்டி எடுத்து மேட்டூர் ஆலைக்கு அனுப்பினார்கள். ஒரு கிலோ அலுமினியத்துக்கு நாலைந்து கிலோ பாக்சைட் வேண்டும். அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்து அலுமினாவை (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெள்ளைப் பொடி) பிரித்தால், மிஞ்சுவது பெரும்பாலும் எதற்கும் உதவாத சிவப்புச் சேறு. அப்புறம்தான் பெரிய செலவு. அலுமினியத்தை ஆக்சிஜன் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை விடுவிக்க, சுமார் 960 டிகிரி வெப்பத்தில் உருகிக் கிடக்கும் குழம்பு வழியாக மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் ஆகும். நம் நாட்டில் அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய குக்கரில் இந்த வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. 660 டிகிரியில் உருக்கி ஊற்றினால் போதும். தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம்தான் செலவு. இத்தனைக்கும் எத்தனை முறை உருக்கினாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும்.

இரும்பிலும் இதே கதைதான், லாபம் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் ஆற்றல் மிச்சமாகும்.

"லாரியில் ஏற்றி எங்கெங்கோ கொண்டுபோகிறார்களே, அந்த டீசல் புகையில் எல்லா லாபமும் போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து டன் ஏற்றிய லாரி 500 கிலோமீட்டர் போக சுமார் 125 லிட்டர் டீசல் குடிக்கும். கிலோவுக்குப் பிரித்தால் 12 மில்லி, ஒரு மேசைக்கரண்டிகூட வராது. அலுமினியத்தில் மிச்சமாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே.

காகிதத்தில் கணக்கு கொஞ்சம் சிக்கலாகிறது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் மரநார் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு அது தாளாகப் பிடித்து நிற்காது. வெள்ளைத் தாள் அட்டைப்பெட்டியாகி, அட்டைப்பெட்டி முட்டை அட்டையாகி இறங்குவது இதனால்தான். மரத்திலிருந்து தாள் செய்யும் ஆலைகள் தங்கள் மரக்கழிவையே எரித்து ஓரளவு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய தாளைக் கூழாக்கும் ஆலைக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கரியமில வாயுவை மட்டும் பார்த்தால் லாபம் நாம் நினைக்கும் அளவுக்கு இருக்காது. மரமும் தண்ணீரும் மிச்சம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சாம்பார் ஊறிய காகிதத்தால் யாருக்கும் பயனில்லை.

தராசு ஏமாற்றும் முதல் இடம் கண்ணாடி. காயலான் கடையில் பாட்டிலுக்கு மதிப்பே கிடையாது. உருக்குவதாக இருந்தால் அது நியாயமான விலைதான். உடைந்த கண்ணாடியை உருக்கவும் 1,500 டிகிரி அளவுக்கு உலை எரிய வேண்டும். மூலப்பொருளில் 10 சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் ஆற்றல் 3 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். ஆனால் பாட்டிலை உடைக்காமல் கழுவி மறுபடி நிரப்பினால்? அந்த உலையே வேண்டாம். கோலி சோடாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும் இதைத்தான். நீலகிரியில் 2022ஆம் ஆண்டு மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைக் கொடுக்கும் ஏற்பாடு உயர் நீதிமன்றத் தலையீட்டால் வந்தது. காட்டில் எறிந்த பாட்டில் துண்டுகள் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கிடைக்கும் என்றால் யாரும் பாட்டிலைச் சுலபத்தில் எறிய மாட்டார்கள்.

இனி பிளாஸ்டிக். இது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். தண்ணீர் பாட்டில் ஒரு வகை, அதன் மூடி வேறு வகை. சந்தேகமாக இருந்தால் பாட்டிலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மூடியோடு சேர்த்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு மூழ்கும், மூடி மிதக்கும். மறுசுழற்சிக் கூடங்களிலும் இரண்டையும் பிரிப்பது இந்தத் தொட்டி வித்தையால்தான். பிரிக்காமல் உருக்கினால் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாமல் நின்று, செய்த பொருள் சுலபமாக உடையும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகை என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

பாட்டிலுக்காவது விலை இருக்கிறது, பாலியஸ்டர் இழையாகிச் சட்டைத் துணியாக மாறும். சிப்ஸ் பாக்கெட்டை யாரும் தொடுவதில்லை. இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே, முடியைவிடப் பலநூறு மடங்கு மெல்லிய அலுமினியப் பூச்சு. அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகப் போவது அதன் அதிகபட்ச யோகம். உலக அளவில் 2019ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மறுசுழற்சியானது என்கிறது ஓ.இ.சி.டி. (வளர்ந்த நாடுகள் பலவும் சேர்ந்த பொருளாதார அமைப்பு) கணக்கு.

பால் கவரைக் கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. அரை லிட்டர் கவரின் எடை சுமார் 3 கிராம். அதைப் புதிதாகத் தயாரிக்க, மூலப்பொருளையும் சேர்த்தால், தோராயமாக 240 கிலோஜூல் ஆற்றல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க 210 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் வீணாவதைச் சேர்த்தால் இரட்டிப்பாகும். அதாவது பிசுக்குப் போக வெந்நீர் வைத்துக் கழுவினால், மறுசுழற்சியில் வரும் லாபத்தைவிட அதிகமாக நாமே செலவழித்துவிடுகிறோம். பாத்திரம் அலசிய தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போதும்.

தராசு ஏமாற்றும் இரண்டாவது இடம்தான் பெரியது: காய்கறித் தோலும் மிச்சச் சோறும். இதற்கு எந்தக் கடையிலும் ஒரு பழம்கூடக் கிடைக்காது. ஆனால் நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி இதுதான். குப்பைமேட்டில் அடியில் அமுங்கிக் காற்றில்லாமல் அழுகும்போது இதிலிருந்து மீத்தேன் வருகிறது. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், நூறு ஆண்டுக் கணக்கில் அது சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்குப் பக்கம். பிடித்தால் எரியவும் எரியும். சென்னை பெருங்குடி குப்பைக்கிடங்கில் 2022 ஏப்ரலில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. ஈரக்குப்பையைத் தனியாக வைத்தால் மீத்தேனும் குறையும், தாளும் பாட்டிலும் சுத்தமாக மிஞ்சி நல்ல விலைக்கும் போகும். பிரித்துக் கொடுத்த இரண்டு கூடையும் ஒரே வண்டிக்குள் கவிழ்வதை நானும் பார்த்து நொந்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் ஈரக்குப்பையை வீட்டிலேயே மட்கவைக்க மொட்டைமாடியில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு பழைய பெயின்ட் வாளியை வைத்தேன்.

ஓட்டைதான் அதில் சூட்சுமம். காற்று புகுந்தால் வேலை செய்யும் நுண்ணுயிரிகள் வேறு, அவற்றிடமிருந்து மீத்தேன் வராது. மீத்தேனுக்கு வாசனை கிடையாது, ஆனால் காற்று போகவில்லையென்றால் கூடவே அழுகின முட்டை நாற்றம் கிளம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி வந்தால் இரண்டு கை காய்ந்த இலையோ, கிழித்த முட்டை அட்டையோ போட்டுக் கிளறிவிடுகிறேன். ஓரிரு நாளில் மண்வாசனை திரும்பிவிடுகிறது.