வாசிப்பது குழந்தையா, திரையா?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் நாட்களில், டீ இடைவேளையில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், வாசிப்புக்கு நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்க." பெயர் சொல்வது சுலபம். ஆனால் அந்த ஆப்பில் வாசிக்கிற வேலையைச் செய்வது யார் என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனால், கதையை ஒப்பிக்கத் தெரிந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் ஆண்டுக் கடைசியில் மிஞ்சுவார்கள்.

ஒரு மூன்றாம் வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்மார்ட் போர்டில் படக்கதை ஓடியது. குரல் சொல்லச் சொல்ல, சொற்கள் நிறம் மாறின. நாலைந்து முறை ஓட்டியபின் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு சிறுமியை அழைத்தார்கள். ஏற்ற இறக்கத்தோடு முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நான்காவது வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன பாப்பா?" என்றேன். அவள் முதல் வரிக்குப் போனாள். உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தி நான்காவது வரிக்கு வந்து, "கிணறு" என்றாள். அங்கே எழுதியிருந்தது 'கேணி'.

அவள் மக்குப் பிள்ளை இல்லை. நினைவாற்றல் அபாரம், கதையின் பொருளும் பிடிபட்டிருக்கிறது. எழுத்து மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதை அந்தத் திரை அழகாக மறைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது கதையைப் படமில்லாமல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து, இரண்டு சொற்களை மட்டும் மாற்றி வையுங்கள். ஆடு வரும் இடத்தில் மாடு. வாசிக்கிற பிள்ளை அங்கே நின்றுவிடும். ஒப்பிக்கிற பிள்ளை ஆடு என்றே சொல்லிக்கொண்டு போகும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் கிராமங்களில் நடந்துவரும் ஏசர் (ASER) ஆய்விலும் எழுத்து, சொல், பத்தி, கதை என்று அச்சிட்ட தாளைத்தான் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். பிள்ளை அதுவரை பார்க்காத பனுவல் என்பதுதான் அதன் பலமே.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் மெய்க்கு இருபுறமும் குறி. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். சிறிய போன் திரையில் பெரியவர்களுக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக், இப்படி உயிர்மெய்க் குறிகள் கொண்ட எழுத்துமுறையை முழுதாகக் கற்க நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று 2007-இல் எழுதினார். ஆங்கிலத்துக்கு வகுத்த கால அளவை இங்கே கொண்டுவந்து "பிள்ளை ஸ்லோ" என்று முத்திரை குத்துவதை முதலில் விட வேண்டும்.

சரி, திரையே வேண்டாமா? ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. எட்டு வயது வரையிலான குழந்தைகளைப் பற்றிய 39 ஆய்வுகளை நார்வேயைச் சேர்ந்த குழுவினர் 2021-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அச்சுப் புத்தகத்தை அப்படியே திரையில் ஏற்றினால், பிள்ளைகளுக்குப் புரிவது குறைகிறது. கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் இருந்தால் திரை முந்துகிறது. இடையில் சொற்பொருள் காட்டும் அகராதி வைத்தால் சொல்வளம் கூடலாம், கதை புரிவதற்கு அது உதவுவதில்லை. எனக்குப் பிடித்தது அடுத்த முடிவு: பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, அச்சுப் புத்தகத்தைக் காட்டிக் கேள்வி கேட்டு வாசிப்பது, இந்த டிஜிட்டல் வசதிகளைவிட நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பெரியவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஐந்தாம் வகுப்பு அக்கா போதும்.

கருவிகளுக்கு வருகிறேன். கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்பு ஆப் எனக்குப் பிடிக்கும், காரணம் அங்கே வேலை திரும்பிவிடுகிறது: பிள்ளை உரக்க வாசிக்கிறது, தியா என்ற பாத்திரம் கேட்கிறது. கதைகளை முன்பே இறக்கி வைத்தால் இணையம் வேண்டாம். சொல்லைத் தொட்டால் தியா உச்சரித்துக் காட்டும் என்பதால், சில பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டே ஓட்டிவிடுவார்கள். விரலைக் கவனியுங்கள். வகுப்பறை இரைச்சலில் ஆப் திணறும், வராந்தாவில் உட்கார வைப்பது நல்லது.

பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பின் தரம் ஏறி இறங்கும். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். திறந்த உரிமம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்செடுக்கலாம். முதலில் திரையில் கதை, அப்புறம் அதே கதை தாளில் என்று கொடுத்தால் இரண்டின் பலனும் கிடைக்கும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' வரிசைப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால், இதற்கெல்லாம் முன்னால் அவற்றை வெளியே எடுங்கள்.

உயர் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகள், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் என்று டெல்காடோ குழுவினர் 2018-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. கதை வாசிப்பதில் தாளுக்கும் திரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தகவல் பாடங்களில் தாள் முந்துகிறது. நேரம் குறிப்பிட்டு வாசிக்கச் சொன்னால் இடைவெளி இன்னும் கூடுகிறது. திரையோடு வளர்ந்த தலைமுறைக்கு இது பழகிவிடும் என்று நாம் நினைத்தோம், ஆனால் அந்த ஆண்டுகளில் இடைவெளி கூடித்தான் இருக்கிறது. அதனால் பத்தாம் வகுப்பு அறிவியல் குறிப்புகளை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டுக் காலையில் தேர்வு வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நகல் முடியாவிட்டால் இருவருக்கு ஒன்றாவது முந்தின நாளே வகுப்பில் கொடுத்துவிடுங்கள்.