எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே!

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும். ‘உலகிலேயே சிறந்த தேசிய கீதம் ஜன கண மன என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது, பகிருங்கள்’ என்று மூவர்ணக் கொடியோடு ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் வந்து இறங்கிவிடும். அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ 2008லேயே மறுத்தாயிற்று. ‘என் அப்பா இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வருஷா வருஷம் இதை அனுப்புகிறார். வருஷா வருஷம் நான் மறுக்கிறேன். படித்தவருக்கே ஏன் இப்படி?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வழக்கமான பதில்கள் சில உண்டு. நமக்குப் பிடித்ததை நம்புகிறோம். கோபமும் பயமும் வந்தால் யோசிப்பதற்கு முன் விரல் பகிர்ந்துவிடுகிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அலசி, 2018ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் எழுதினார்கள்: உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம், அதைப் பரப்பியது தானாகப் பதிவிடும் ‘பாட்’ கணக்குகளைவிட மனிதர்கள்தான். இதெல்லாம் பலமுறை எழுதப்பட்ட விஷயம். ஆனால் யுனெஸ்கோ செய்தியில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. பெருமை கொஞ்சம் இருக்கிறது. அது மட்டும் அதைப் பதினைந்து வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்காது. அதைக் காப்பாற்றுவது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். அதை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம்.

1977ல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டைன், தாமஸ் டாப்பினோ என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 60 பொது அறிவு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் உண்மையாக இருக்கும் என்று ஏழுக்கு மதிப்பெண் போட வேண்டும். வாக்கியங்களில் சில சரி, சில புளுகு. ‘கூடைப்பந்து 1925ல் ஒலிம்பிக் விளையாட்டானது’ என்று ஒன்று. (1925ல் கோடை ஒலிம்பிக்கே நடக்கவில்லை. ஆனால் அதை யார் யோசிக்கப் போகிறார்கள்?) இரண்டு வாரம் கழித்து இன்னொரு 60, மறுபடி இரண்டு வாரம் கழித்து இன்னொரு 60. அதில் சூட்சுமம் ஒன்றுதான்: 20 வாக்கியங்கள் மட்டும் மூன்று முறையும் வந்தன. அந்த இருபதுக்கான சராசரி மதிப்பெண் 4.2லிருந்து 4.6, பிறகு 4.7 என்று ஏறியது. புதிதாக வந்தவற்றுக்கு அப்படி ஏறவில்லை. யாரும் ஆதாரம் காட்டவில்லை, வாதாடவில்லை. திரும்ப வந்தது, அவ்வளவுதான்.

‘அது விடை தெரியாத கேள்விகள், எனக்குத் தெரிந்த விஷயத்தில் நான் ஏமாற மாட்டேன்’ என்று தோன்றும். லிசா ஃபேசியோ என்ற ஆய்வாளருக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். 2015ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இருந்த ஒரு வாக்கியம் நமக்கென்றே எழுதியது போல இருக்கும்: ‘ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும், மடிப்பு வைத்த குட்டைப் பாவாடையின் பெயர் சேலை.’ சேலை கட்டிய ஸ்காட்லாந்துக்காரரை ஒரு நிமிடம் மனக்கண்ணில் பாருங்கள். அந்த உடையின் பெயர் ‘கில்ட்’ என்பது அமெரிக்க மாணவர்கள் பலருக்கும் தெரியும். பெயர் கேட்டால் சரியாகவே சொல்வார்கள். அப்படித் தெரிந்தவர்களிடமும், இதுபோன்ற தவறான வாக்கியங்களை ஏற்கெனவே ஒருமுறை காட்டியிருந்தால், அவை உண்மையென்று தோன்றும் அளவு கூடியது. அறிவு மூளைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும் சிரமத்தை மூளை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. ரோல்ஃப் ரெபர், நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் இருவரும் 1999ல் எதையும் திரும்பச் சொல்லவே இல்லை. ‘ஒசோர்னோ நகரம் சிலியில் இருக்கிறது’ என்பது போன்ற வாக்கியங்களைக் கணினித் திரையில் ஒரே ஒரு முறை காட்டினார்கள். சிலவற்றின் எழுத்து நிறம் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிந்தது. சிலவற்றில் எழுத்து மங்கல், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டும். பளிச்சென்று தெரிந்த வாக்கியங்களை ‘உண்மை’ என்று சொன்னவர்கள் அதிகம். ஒசோர்னோ எங்கே இருக்கிறது என்பதற்கும் எழுத்தின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மூளையின் அளவுகோலில் இருக்கிறது. ஒரு வாக்கியம் வந்ததும் ‘இது உண்மையா?’ என்ற கேள்வியை மூளை நேரடியாக ஆராய்வதில்லை. அதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும். அதற்குப் பதிலாக, ‘இதைப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது?’ என்று பார்க்கிறது. வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் சரி, இடறினால் சந்தேகம். தெளிவான எழுத்து வழுக்கும். எதுகை மோனை வழுக்கும். ஏற்கெனவே ஒருமுறை படித்த வாக்கியம் எல்லாவற்றையும்விட நன்றாக வழுக்கும், காரணம் அது நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை. அந்தச் சரளத்தை நாம் ‘இதை முன்பே படித்திருக்கிறேன்’ என்று சரியாக அடையாளம் கண்டால் ஆபத்தில்லை. பல சமயம் அது ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே, சரியாகத்தான் இருக்கும்’ என்று மாறிவிடுகிறது. எங்கே கேட்டோம் என்பது முதலில் மறந்துபோகும். கேட்டோம் என்பது மட்டும் தங்கும்.

இது மூளையின் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டின் தலைநகரம் எது என்ற கேள்விக்குச் சரியான விடை ஒன்றே ஒன்று. தவறான விடைகள் எத்தனையோ. நூறு பேரிடம் கேட்டால் தவறுகள் மதுரை, திருச்சி, சேலம் என்று சிதறும். சரியானது மட்டும் குவியும். ஆகவே அடிக்கடி காதில் விழுவது உண்மையாக இருக்கும் என்பது நல்ல குறுக்குவழி. ஊர்ச் சாவடியில் பேச்சு நடந்த காலத்தில் அது பெரும்பாலும் கைகொடுத்திருக்கும்.

அந்தக் குறுக்குவழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: சொல்கிறவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அறிந்து சொல்ல வேண்டும். ஃபார்வர்டு பொத்தான் அடித்து நொறுக்கியது இதைத்தான். அபார்ட்மெண்ட் குழு, பள்ளித் தோழர்கள் குழு, பங்காளிகள் குழு என்று மூன்றிலும் வரும் செய்திக்கு மூலம் ஒன்றுதான், மூளையோ மூன்று என்று கணக்கு வைக்கிறது. கிம்பர்லி வீவரும் சகாக்களும் 2007ல் காட்டியது இன்னும் மோசம். ஒரே ஆள் ஒரே கருத்தை மூன்று தடவை சொன்னாலே, அதை மூன்று வெவ்வேறு ஆட்கள் சொன்னதற்குக் கிட்டத்தட்ட இணையாக, ‘ஊரே இப்படித்தான் நினைக்கிறது’ என்று மக்கள் கணித்தார்கள். கட்சிகளின் ஐ.டி. விங்குகள் இந்த ஆய்வுகளைப் படித்திருக்கின்றனவா தெரியாது. படித்தவர்கள்போல நடந்துகொள்கின்றன.

விளைவு எப்போதும் தேசிய கீதம் அளவுக்குச் சாதுவாக இருப்பதில்லை. பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வருகிறவர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிச் செல்வார். கடைசியில் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார். அந்தக் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு, இந்தியாவில் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று சுற்றவிட்டார்கள். 2018 மே மாதம் தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் ‘வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது’ என்று ஆடியோக்களும் படங்களும் குழு குழுவாகப் பாய்ந்தன. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. நாட்டின் பல இடங்களிலும் இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பிறகு வந்த இரட்டை அம்புக்குறி, செய்தி குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது என்று சொல்கிறது. எனக்கு அந்த அம்புக்குறி எச்சரிக்கைப் பலகை. பலருக்கோ அது ‘எல்லாரும் அனுப்புறாங்க’ என்ற நற்சான்றிதழ்.

மறுத்தால் போதாதா? 2005ல் வந்த இயன் ஸ்கர்னிக் குழுவின் ஆய்வில், முதியவர்களிடம் ஒரு கூற்றைப் ‘பொய், பொய்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றைக்குப் பலன் இருந்தது. மூன்று நாள் கழித்துக் கேட்டால், அதிகம் எச்சரிக்கப்பட்ட கூற்றையே உண்மை என்று நினைவுகூர்ந்தவர்கள் கூடியிருந்தார்கள். கூற்று ஒட்டிக்கொண்டது, ‘பொய்’ என்ற சீட்டு உதிர்ந்துவிட்டது. மறுப்பே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவான மறுப்பு பெரும்பாலும் நன்மையே செய்திருக்கிறது. ஆனால் மறுப்பில் எதைத் தலைப்பாக வைக்கிறோம் என்பது முக்கியம். 10 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. ‘நாணயம் செல்லாது என்பது வதந்தி’ என்று பரப்பினால் காதில் நிற்பது ‘செல்லாது’. ‘பத்து ரூபாய் நாணயம் செல்லும்’ என்றே தொடங்க வேண்டும். (டீக்கடைக்காரரின் கதை தனி. செல்லும் என்று அவருக்கே தெரியும். ‘நான் வாங்கிக்கிறேன், என்கிட்ட இருந்து எவன் வாங்குவான்?’ என்கிறார். அவர் அஞ்சுவது வதந்தியை நம்பும் மற்றவர்களுக்கு.)

பலன் தரும் ஒரு வழி, முதல் தடவை படிக்கும்போதே குறுக்கே நிற்பது. நாடியா பிராஷியர் குழு 2020ல் வெளியிட்ட சோதனைகளில், சிலரிடம் ‘இந்த வாக்கியம் எவ்வளவு சுவாரசியம்?’ என்று கேட்டார்கள். சிலரிடம் ‘எவ்வளவு உண்மை?’ என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வியோடு படித்தவர்களிடம், பிறகு அதே வாக்கியம் திரும்ப வந்தபோது ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே’ என்ற மயக்கம் வேலை செய்யவில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு: அந்த விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான். கிரகணத்தன்று மட்டும் உலக்கை செங்குத்தாக நிற்கும் என்று வீடியோ வந்தால், வீட்டில் உலக்கை இருப்பவர்கள் ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை தட்டில் நிறுத்திப் பார்த்துவிடலாம். அடி சமமாக இருந்தால் என்றைக்கும் நிற்கும். ஒவ்வொரு கிரகணத்துக்கும் இதைப் பயபக்தியோடு காட்டும் சேனல்கள் மறுநாளும் ஒருமுறை நிறுத்திக் காட்டினால் புண்ணியமாகப் போகும். சர்க்கரை நோய்க்கு ஒரு கஷாயம் என்று வந்தாலோ, நமக்குள் தேடிப் பயனில்லை.

அங்கே உதவுவது ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் கவனித்த ஒரு பழக்கம். வரலாற்றாய்வாளர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் என 45 பேரைச் சில இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஊன்றிப் படித்தார்கள். லோகோ அழகாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. சில நொடிகளில் அதைவிட்டு வெளியேறி, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு ஜன்னல்களைத் திறந்தார்கள். ஊன்றிப் படிப்பதே அறிவு என்று வளர்ந்த நமக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து மாற்ற முடியுமா? 2019 தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் வீடு வீடாகப் போய் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். ஒட்டுமொத்தமாக மாற்றம் தெரியவில்லை. பிறகு அதே மாநிலத்தில் அவரும் சகாக்களும் பள்ளி மாணவர்களுக்குப் பல வாரங்கள் வகுப்பே நடத்தினார்கள். அது பலன் தந்தது, மாதங்கள் கழித்தும் நின்றது. இங்கே தலைமைச் செயலகமும் காவல் துறையும் போடும் மறுப்புப் பதிவுகளுக்குச் செலவாகும் சக்தியில் கொஞ்சம் எட்டாம் வகுப்புக்கு வரலாம் என்பது என் கட்சி. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சரிபார்த்துக்கொள்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை.

நான் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களிடம் திரையில் எழுத்தைக் காட்டிச் செய்தவை. நமக்கு வருவதோ பெரியப்பா அனுப்பும் ஆடியோ, பதற்றமான குரல், பின்னால் குழந்தை அழும் சத்தம். குரலில் கேட்ட பொய் அதிகம் ஒட்டுமா, எழுத்தில் படித்ததா? பேச்சுத் தமிழில் சொன்னதா, செய்தித் தமிழில் சொன்னதா? தெரிந்தவர் பெயரில் வந்தால் எத்தனை மடங்கு? விடை காண துகள் முடுக்கி தேவையில்லை. நூறு வாக்கியங்கள், ஒரு கணினி அறை, இரண்டு வார இடைவெளியில் இருமுறை வரச் சம்மதிக்கும் மாணவர்கள், அவர்களுக்கு டீ செலவு. ஏதாவதொரு கல்லூரியின் உளவியல் துறையில் இதை எம்.எஸ்சி. ப்ராஜெக்டாகவே செய்துவிடலாம்.