'டூ' போடும் முன் ஒரு நிமிடம்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். எழுத்துப்பிழைக்கு நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். அது பெரும்பாலும் கோட்டை விடுவது 'டூ' (too) என்கிற சின்னச் சொல்லைத்தான்.

'ஐ ஆம் டூ ஹாப்பி டு ஜாயின் யுவர் கம்பெனி' என்று எழுதுகிறார்கள். உங்கள் நிறுவனத்தில் சேர்வது ரொம்ப மகிழ்ச்சி என்று சொல்ல நினைக்கிறார்கள். கறாராகப் படித்தால், 'சேர முடியாத அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்றாகிறது! இந்த அமைப்புக்குள் ஒரு 'முடியாது' ஒளிந்திருக்கிறது. 'ஹி இஸ் டூ டயர்ட் டு வாக்' என்றால் நடக்க முடியாத களைப்பு. பள்ளியில் இதையே 'ஸோ... தட்... கேனாட்' என்று மாற்றி எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம். பரீட்சைக்கு வெளியே அது நினைவுக்கு வருவதில்லை.

சிக்கல் நம் 'ரொம்ப'வில் இருக்கிறது. 'காபி ரொம்ப சூடா இருக்கு' என்பது பாராட்டா, புகாரா என்பதைக் குரல்தான் சொல்லும். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள். 'வெரி' என்றால் அதிகம், அதோடு சரி. 'டூ' என்றால் வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. 'தி சாலரி இஸ் டூ ஹை' என்று மேலதிகாரிக்கு எழுதினால், சம்பளத்தைக் குறைக்கச் சொல்வது போலிருக்கும்.

இதில் வேடிக்கை, தமிழ் பேசும்போது நாம் இதைத் தப்பாகச் சொல்வதே இல்லை. 'இதெல்லாம் டூ மச்' என்று பாராட்டவா செய்கிறோம்? அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். 'ஓவர்' என்று சொல்லக்கூடிய இடமா? அப்படியானால் 'டூ'. இல்லையென்றால் 'வெரி'.

விதிவிலக்குகள் உண்டு. நண்பர்களிடம் 'டூ குட்' என்பது பாராட்டுதான். 'யூ ஆர் டூ கைண்ட்' என்பது உபசார வார்த்தை. 'ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்' என்றால், அந்த 'ஒன்லி' வந்ததாலேயே பொருள் தலைகீழாகி, தாராளமாக உதவுகிறேன் என்றாகிவிடும்.

அதற்காக எல்லா இடத்திலும் 'வெரி'யைத் தூவவும் கூடாது. 'வெரி பெட்டர்' கிடையாது, 'மச் பெட்டர்'தான். 'எக்ஸலண்ட்' ஏற்கெனவே உச்சியில் இருப்பதால் அதன் முன்னால் 'வெரி' ஒட்டாது. வேலைக் கடிதத்துக்கு 'ஐ வுட் பி கிளாட் டு ஜாயின்' என்பதே போதும். அதில் 'டூ'வும் வேண்டாம், 'வெரி'யும் வேண்டாம்.