பயணி கொடுக்கும் டாலரில் தீவுக்கு எவ்வளவு? சேவை வணிகம் இயங்கும் விதம்

சுவாமிமலையில் வார்க்கப்பட்ட ஒரு நடராசர் சிலை மொரீஷியஸுக்கு அனுப்பப்படும்போது அதற்கு எடை உண்டு, விலைச்சீட்டு உண்டு, சுங்க அலுவலகத்தில் பதிவும் உண்டு. அதே தீவில் நடக்கும் ஒரு முருகன் கோயில் குடமுழுக்குக்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாகசுரக் குழு விமானம் ஏறிச் சென்று, சில நாட்கள் வாசித்து, சம்பாவனை பெற்றுத் திரும்பினால் அதுவும் இந்தியாவின் ஏற்றுமதிதான். ஆனால் அதை எந்தச் சுங்க அதிகாரியும் பெட்டியைத் திறந்து பார்த்துக் குறித்துக்கொள்வதில்லை. அங்கே விற்கப்பட்டது பொருள் அன்று, வேலை. இவ்வகைக் கொடுக்கல் வாங்கலையே பொருளியலில் சேவை வணிகம் என்கிறோம். பெரிய நாடுகளுக்கு இது பல வருவாய்களுள் ஒன்று. சில சிறு தீவு நாடுகளோ பெரும்பாலும் இதை நம்பியே வாழ்கின்றன.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது நடைமுறைக்கு வந்த சேவை வணிகம் பற்றிய பொது உடன்பாடு, சேவை எல்லை கடக்கும் வழிகளை நான்காக வகுத்தது. நான்கையும் காவிரிப் படுகையில் இருந்தபடியே புரிந்துகொள்ளலாம். கும்பகோணத்தில் வீட்டில் அமர்ந்து இணையவழியில் மொரீஷியஸ் குழந்தைகளுக்குத் தேவாரப் பண் கற்பிக்கும் ஆசிரியரின் விஷயத்தில் சேவை மட்டும் எல்லை கடக்கிறது. பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் காண வரும் பிரெஞ்சுப் பயணி தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கும்போது, வாங்குபவரே எல்லை கடந்து வருகிறார். அவர் இங்கே செலவிடுவதெல்லாம் இந்தியாவின் ஏற்றுமதி வருவாய். அவர் வாங்கிச் செல்லும் தலையாட்டிப் பொம்மைகூடக் கணக்கில் 'பயணம்' என்னும் சேவைத் தலைப்பின் கீழ்தான் பதிவாகும். நாகசுரக் குழு சென்றதில் சேவை செய்பவரே எல்லை கடக்கிறார். எஞ்சிய வழியில், ஒரு வங்கியோ விடுதி நிறுவனமோ வேறொரு நாட்டில் கிளை தொடங்கி, அங்கேயே இருந்து சேவையை விற்கிறது.

இவற்றில் எதை ஏற்றுமதி என்று எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, வசிப்பிடம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. இந்திய நிறுவனம் இயக்கும் கப்பலில் யாழ்ப்பாணத்துக்காரர் செலுத்தும் கட்டணம் இந்தியாவின் போக்குவரத்துச் சேவை ஏற்றுமதி. பக்கத்து இருக்கையில் அமர்ந்து வரும் நாகூர்க்காரர் செலுத்தும் அதே கட்டணம் வெறும் உள்நாட்டு வியாபாரம். கப்பலும் ஒன்று, கடலும் ஒன்று; பணம் கொடுப்பவர் எந்தப் பொருளாதாரத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் வேறு.

இனி மாலத்தீவுக்கு வருவோம். ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள். அவற்றுள் 200 அளவில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பின்படி, அங்கு வேலை பார்க்கும் வெளிநாட்டவரையும் சேர்த்து, மக்கள்தொகை 5.15 லட்சம். நிலப்பரப்பு மொத்தமும் சேர்ந்தால் சுமார் 300 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர் மாவட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு கிடையாது, வண்டல் கிடையாது, நெல் விளையாது. ஒரு தொழிற்சாலை கட்டலாம் என்றால் மூலப்பொருள் கப்பலில் வர வேண்டும், செய்த பொருளும் கப்பலில் போக வேண்டும், உள்ளூரில் வாங்குவோரோ சில லட்சம் பேர். தொழிற்சாலை சிறியதென்பதால் அதன் நிலையான செலவுகள் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு பொருளின் மீதும் விழும் செலவு பெரிய நாட்டுப் போட்டியாளருக்கு ஆவதைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். தமிழர்களும் சிங்களவர்களும் நெடுங்காலமாக அறிந்த மாசிக் கருவாடும், சூரை மீனும் தவிர அங்கிருந்து பெரிதாக ஏற்றுமதியாகும் பொருள் இல்லாமல் போனதன் காரணம் இதுவே.

சுற்றுலா இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. வாங்குபவர் தாமே விமானம் ஏறி வருவதால் ஏற்றிச் செல்லும் செலவு விற்பவரைச் சேர்வதில்லை. பொருள் வணிகத்தில் குறையாக இருந்த தொலைவும் தனிமையும் இங்கே விலைபோகும் சரக்காகின்றன. 1972-ல் முதல் விடுதிகள் திறக்கப்பட்டன. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை வேரூன்றியது. 2019-ல் வந்த பயணிகள் சுமார் 17 லட்சம் பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையைப் போல் மும்மடங்குக்கும் மேல்.

இவ்வளவு பயணிகளை வரவேற்கும் நாட்டின் கையில் அந்நியச் செலாவணி குவிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். சேவைக் கணக்கை மட்டும் பார்த்தால் அது உண்மையும்கூட. மாலத்தீவின் சேவைக் கணக்கில் பெரும் உபரி இருக்கிறது. ஆனால் பொருள், சேவை, வருமானம் எல்லாவற்றின் வரவு செலவையும் சேர்த்த நடப்புக் கணக்கு முழுவதையும் பார்த்தால் நீண்டகாலமாகப் பற்றாக்குறைதான். இதற்குக் காரணம் காண, பயணியின் பணம் போகும் வழியைத் தொடர வேண்டும்.

ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் தம் ஊர்ப் பயண முகவரிடம் விமானச் சீட்டு, அறை, உணவு எல்லாவற்றுக்குமாக ஒரே தொகையைச் செலுத்துகிறார். முகவரின் லாபம் ஜெர்மனியிலேயே நின்றுவிடுகிறது. விமானக் கட்டணம் விமான நிறுவனத்தின் நாட்டுக்குப் போகிறது. விடுதிக்கு வந்து சேரும் மீதித் தொகைதான் மாலத்தீவின் ஏற்றுமதியாக எழுதப்படுகிறது. அந்தத் தொகையிலிருந்தும் உடனே செலவு தொடங்குகிறது. அரிசி, காய்கறி, இறைச்சி இறக்குமதி. ஒவ்வொரு விடுதித் தீவும் தனக்கான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து, கடல்நீரைத் தானே குடிநீராக்கிக்கொள்வதால் அதற்கான டீசலும் இறக்குமதி. பன்னாட்டு விடுதி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்கும் நிர்வாகத்துக்கும் தரும் கட்டணம் சேவை இறக்குமதி. முதலீடு வெளிநாட்டாருடையதாக இருந்தால் லாபமும் கடனுக்கான வட்டியும் 'முதன்மை வருமானம்' என்னும் வேறொரு தலைப்பில் வெளியேறுகின்றன. மேட்டூரில் திறந்துவிடும் கன அடியை வைத்துக் கடைமடை வயலின் விளைச்சலைச் சொல்லிவிட முடியாது என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீவின் சுற்றுலா வருவாயும் அத்தகையதே. வழியில் குறையும் இத்தொகையைப் பொருளியலாளர்கள் கசிவு என்கிறார்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளரின் ஊதியம் இந்தக் கணக்கின் நுட்பமான பகுதி. நம் மாவட்டங்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். மாலத்தீவுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறார்கள். மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை அங்கே சென்று, ஓராண்டுக்கு மேல் தங்கி வேலை பார்க்கிறார் என்று கொள்வோம். பன்னாட்டுக் கணக்கு விதியின்படி ஓராண்டைக் கடந்து தங்குபவர் அந்தப் பொருளாதாரத்தில் வசிப்பவராகிவிடுகிறார். ஆகவே அவர் கற்பிப்பது இந்தியாவின் சேவை ஏற்றுமதியாகாது. அவர் மாதந்தோறும் மன்னார்குடிக்கு அனுப்பும் பணம் மட்டும் 'இரண்டாம் நிலை வருமானம்' என்ற தலைப்பில், தனிநபர் பணமாற்றமாகப் பதிவாகும். அதே பள்ளிக்கு ஒருவர் ஆறு மாத வேலைக்குச் சென்று சம்பளம் பெற்றால், அது ஊழியர் ஊதியமாக முதன்மை வருமானத்தில் சேரும். யாருக்கும் ஊழியராக இல்லாமல், ஒப்பந்தம் பேசி வேலை செய்து கொடுத்துவிட்டுத் திரும்பினால்தான், நாகசுரக் குழுவைப் போல, அது சேவை ஏற்றுமதி. மூவருடைய உழைப்பும் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு தலைப்புகளில் எழுதப்படுகின்றன. எனவே சேவைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தீவு வளர்கிறது, தேய்கிறது என்று பேசுவது சரியாகாது. பொருள், சேவை, முதன்மை வருமானம், இரண்டாம் நிலை வருமானம் ஆகிய நான்கு தலைப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

கசிவு என்ற சொல் ஒரு குற்றச்சாட்டைப் போல ஒலிப்பதால் பலர் அதை முழுக்கத் தடுத்துவிட வேண்டும் என்று வாதிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நெல் விளையாத மண்ணில் அரிசியை இறக்குமதி செய்வது இழப்பாகாது. அது இல்லாவிட்டால் விடுதியே இல்லை. தீவு அரசு தன்னிடம் மட்டுமே உள்ள ஒன்றுக்கு, அதாவது அந்தக் கடலுக்கும் மணலுக்கும், உரிய விலையைப் பெறுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மாலத்தீவில் தீவுகள் விற்கப்படுவதில்லை, குத்தகைக்கு விடப்படுகின்றன. அந்தக் குத்தகை உள்நாட்டு அரசுக்கு வரும் வருவாய். சுற்றுலாவுக்கெனத் தனியாக விதிக்கப்படும் சரக்கு சேவை வரி மற்றொன்று. 2015 நவம்பர் முதல் விடுதித் தீவுப் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர் பசுமை வரி வசூலிக்கப்பட்டது. 2025-ல் விடுதித் தீவுகளில் அது 12 டாலராக உயர்ந்தது. லாபம் யார் கைக்குப் போனாலும் இந்தத் தொகைகள் தீவை விட்டுப் போவதில்லை.

வேறொரு மாற்றம் இன்னும் ஆழமானதென்று கருதுகிறேன். நெடுங்காலம் பயணிகள் தங்கும் தீவுகளும் மக்கள் வாழும் தீவுகளும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன. 2010-ஐ ஒட்டி அந்த விதி தளர்ந்து, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் அறை வாடகைக்கு விடுகின்றன, படகு ஓட்டுகின்றன, பிடித்த மீனை அங்கேயே சமைத்து விற்கின்றன. விருந்தினர் இல்லத்து அறையின் வாடகை விடுதி வாடகையைவிட மிகக் குறைவு. ஆனால் அதில் உள்நாட்டிலேயே தங்கும் பங்கு பெரிது.

ஒரே சேவையை நம்பியிருப்பதன் இடர் 2004 டிசம்பர் 26 அன்று வெளிப்பட்டது. அன்றைய ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் ஆறாயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தது. அந்தத் துயரத்துக்கு எந்த அளவுகோலும் ஈடாகாது. மாலத்தீவில் உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் நூறு பேரை ஒட்டியவர்கள். ஆனால் அந்த நாட்டின் பொருள் சேதம் அதன் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. நாகப்பட்டினத்தைத் தூக்கி நிறுத்த ஒரு மாநிலமும் ஒரு பெரிய நாடும் பின்னால் நின்றன. தீவு நாட்டுக்கு அப்படிப் பாதிக்கப்படாத உள்நாடு என்று ஒன்று இல்லை. 2004-ல் 6.16 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை மறு ஆண்டு 3.95 லட்சமாகச் சரிந்தது. 2020-ல் கொரோனா பரவியபோது பயணிகள் 5.5 லட்சமாகக் குறைந்தனர். பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

சுற்றுலாவை மட்டும் நம்பாத தீவும் உண்டு. பணத்தாள்களில் இன்றும் தமிழ் எழுத்தைத் தாங்கும் மொரீஷியஸ், 1968-ல் விடுதலை பெற்றபோது கரும்பை மட்டுமே நம்பியிருந்தது. பின்பு ஆடைத் தொழில், சுற்றுலா என விரிந்து, 1992 முதல் நிதிச் சேவையையும் ஒரு தொழிலாகச் சட்டம் இயற்றி வளர்த்தது. 1982-ல் இந்தியாவுடன் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி, மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டும் மூலதன ஆதாயத்துக்கு மொரீஷியஸில் மட்டுமே வரி விதிக்கலாம்; மொரீஷியஸோ அதற்கு வரி விதிக்கவில்லை. விளைவாகப் பல ஆண்டுகள் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் அந்தச் சிறு தீவு முதலிடம் வகித்தது. அந்த முதலீடு தீவின் வருமானம் அன்று, அதன் வழியாகக் கடந்து சென்ற பணம். அங்கே தங்கியது கணக்காளர், வழக்கறிஞர், வங்கி ஊழியர் ஆகியோரின் ஊதியமும் உரிமக் கட்டணங்களும்தான். 2016-ல் உடன்பாடு திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாயிற்று. நிதிச் சேவையைக் கடற்பேரலை தொடுவதில்லை. ஆனால் வேறொரு தலைநகரில் திருத்தப்படும் ஓர் உடன்பாடு அதன் அடிப்படையையே மாற்றிவிட முடிகிறது.

மாலத்தீவில் 2024-ஆம் ஆண்டு இந்தக் கணக்கு முழுவதையும் ஒருசேரக் காட்டியது. அவ்வாண்டு வந்த பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினர். அதுவரை காணாத எண்ணிக்கை. அதே ஆண்டில் அந்த நாடு கடும் டாலர் தட்டுப்பாட்டில் சிக்கியது. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்று நிலைநிறுத்தப்பட்டுள்ள மாற்று விகிதத்தைக் காக்கவும், எரிபொருளும் உணவும் இறக்குமதி செய்யவும், கடனை அடைக்கவும் அரசுக்கு டாலர் தேவைப்பட்டது. விடுதிகள் ஈட்டிய டாலரில் பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகளுக்கு வராமலே வெளிநாட்டுக் கணக்குகளில் தங்கியது. அக்டோபர் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கியுடன் 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு, அதாவது ரூஃபியாவைக் கொடுத்து அந்த நாணயங்களைப் பெற்றுப் பின்னர் திருப்பித் தரும் ஏற்பாடு, கையெழுத்தானது. அதே மாதத்தில் மாலத்தீவின் மத்திய வங்கி, சுற்றுலா நிறுவனங்கள் தாம் ஈட்டும் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதியை உள்நாட்டு வங்கிகளில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று விதி வகுத்தது. பெரிய விடுதிகளுக்கு ஓர் அளவு, மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவு.