சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது?

ஹோம் தியேட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துவிடுவது வாட்ஸ் கணக்கைத்தான். ஆனால் இடி, வெடி, பறை எல்லாம் நெஞ்சில் அதிர வேண்டுமானால், தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரின் வாட்ஸைவிட அது இருக்கும் இடமும் நாம் உட்காரும் இடமும்தான் முக்கியம்.

ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் போகிறது. நொடிக்கு 47 முறை அதிரும் (47 ஹெர்ட்ஸ்) பேஸ் ஒலியின், அதாவது தாழ்ந்த ஒலியின், ஓர் அலை 24 அடி நீளம். உங்கள் ஹால் 12 அடி என்றால் பாதி அலைதான் அதில் அடங்கும். போகிற அலையும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் ஒன்றோடொன்று கலந்து, அறைக்குள் நகராமல் நின்றுவிடுகின்றன. இரண்டு சுவர் ஓரங்களிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்; நட்டநடுவில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. அதனால்தான் நடு ஹாலில் சோபா போட்டவருக்கு பேஸ் ‘காணாமல்’ போகிறது, பின்சுவரில் சாய்ந்திருப்பவருக்கோ காது அடைக்கிறது.

நம் ஊர் வீடுகளில் இது இன்னும் கடுமை. ஜிப்சம் பலகைச் சுவர் லேசாக அதிர்ந்து தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அனுப்பும். அறையின் அகலமும் 10 அடி, கூரை உயரமும் 10 அடி என்றால் இரண்டும் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து அந்த ஒரு சுரத்தை மட்டும் ஊதிப் பெருக்கும். திரைச்சீலை மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். 24 அடி அலைக்கு ஒரு துணி எம்மாத்திரம்!

ஒவ்வொரு சுரத்தின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஏற்றிப் பார்க்கலாமா? உச்சத்தைக் குறைக்க அது உதவும். ஒலி காணாமல் போகும் பள்ளத்தை நிரப்பாது, பெட்டியிலிருந்து நேராக வரும் அலையை ஏற்றினால், சுவரில் பட்டுத் திரும்பி அதை அழிக்கும் அலையும் கூடவே ஏறுகிறது. 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், அத்தனையும் வீண்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் குமுறும். இரண்டடி தள்ளினால் அதே சுரம் மங்கிப்போகும். எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் சப்வூஃபரின் இடம். ஒலி தருகிற இடத்தையும் கேட்கிற இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றே என்ற இயற்பியல் விதிதான் இதற்கு அடிப்படை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசை காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாது என்பதால், பெட்டி டிவியை ஒட்டியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

குடும்பமே வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால் ஓர் இடம் எல்லோருக்கும் பொருந்தாது. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர்கள் வைத்தால் இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. ஒரே பெரிய பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் நடுத்தரமானவை இரண்டு கிடைக்குமென்றால், இரண்டையே வாங்குங்கள்.