முடியை நேராக்கும் முன் அந்தப் புட்டியைக் கேளுங்கள்

தை, ஆவணி போன்ற கல்யாண மாதங்களில் என் தோல் மருத்துவமனைக்கு வரும் பெண்களில் சிலர், கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். சீப்பில் வந்த முடியைச் சேர்த்துவைத்த உறை அது. அப்படி ஒருமுறை மகளை அழைத்துவந்த தாயார், "டாக்டரம்மா, இவளுக்கு முடி வேரோட கொட்டுது" என்றார். முடிகளை வெள்ளைத்தாளில் பரப்பிப் பார்த்தேன். வேரோடு வந்த முடியின் முனையில் சிறு வெண்குமிழ் இருக்கும். இவற்றில் ஒன்றில்கூட அது இல்லை. டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியில் முனைகள் தேய்ந்துபோன தூரிகையின் மயிர்களைப்போலப் பிரிந்து கிடந்தன. கொட்டுவது வேறு, ஒடிவது வேறு. கொட்டினால் இரத்தசோகை, தைராய்டு என்று உடலுக்குள் காரணம் தேட வேண்டும். ஒடிந்தால் பெரும்பாலும் முடிக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டாலே போதும்.

தலையில் மிஞ்சியிருந்த குட்டை முடிகளை அளந்தேன். ஏறத்தாழ எல்லாமே ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒடிந்திருந்தன. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், "முதல் தடவை ரீபாண்டிங் செய்து ஐந்து மாதம் இருக்குமா?" என்று கேட்டேன். ரசாயனக் கிரீம் தடவி முடியை 'பர்மனென்ட்'டாக நேராக்குவதுதான் ரீபாண்டிங். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தின வாரம்தான் இரண்டாம் தடவை செய்திருக்கிறார்கள்.

முடி பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பவை கந்தகப் பிணைப்புகள். சுருளும் அலையும் நிலைத்திருப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ரீபாண்டிங்கில் முதலில் தடவும் கிரீமில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் தியோகிளைகொலேட். அழுகிய முட்டை வாடை அடிப்பது இதனால்தான். இது பிணைப்புகளை அறுக்கிறது. பிறகு அலசி, உலர்த்தி, சூடான இரும்பால் நேராக இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நியூட்ரலைசரால் அதே நேர்நிலையில் மீண்டும் பிணைக்கிறார்கள். அறுந்தவை அனைத்தும் திரும்பக் கூடுவதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் முடி முன்னைவிடச் சற்று வலுவிழந்தே வெளிவருகிறது.

'பர்மனென்ட்' என்னும் சொல் செய்த முடிக்கு மட்டுமே பொருந்தும். வேரிலிருந்து புதிதாக வருவது தன் இயல்பில்தான் வரும். சில மாதங்களில் ஒரே தலையில் இரண்டு விதமான முடி இருக்கும். அப்போது டச்-அப் என்ற பெயரில் புதிய வளர்ச்சிக்கு மட்டும் கிரீமைத் தடவாமல், அடியிலிருந்து நுனிவரை தடவிவிட்டால், ஏற்கெனவே தளர்ந்த முடி மறுபடி அறுபடுகிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அதுதான். ஒடிந்ததை ஒட்டவைக்கும் எண்ணெயோ சீரமோ இல்லை. எஞ்சியதைத் தோள்வரை வெட்டிக்கொள்ளச் சொல்வதைத் தவிர நான் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இதற்கு முன் கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடியைப் பூசியிருந்தால் அதையும் பார்லரில் சொல்லிவிட வேண்டும். அதில் உலோக உப்புகள் சேர்ந்திருந்தால், பெராக்சைடோடு வினைபுரிந்து சூடேறி முடியைப் பொசுக்கிவிடக்கூடும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் வேறு வகை. சில மாதங்களே நிற்கும்; ஆனாலும் பல பார்லர்களில் எல்லாவற்றுக்கும் 'ஸ்ட்ரெயிட்டனிங்' என்று ஒரே பெயர். இவ்வகைக் கலவைகள் பலவற்றில் பார்மல்டிஹைடு இருந்தது, சிலவற்றில் இன்றும் இருக்கிறது; அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. லேபிளில் மெத்திலீன் கிளைக்கால் என்றிருந்தாலும், சூடுபட்டால் ஆவியாக வருவது பார்மல்டிஹைடுதான். "கண் எரிஞ்சா கொஞ்ச நேரம் மூடிக்கோங்கக்கா" என்று சொல்லும் பார்லர் பெண் நாள் முழுவதும் அதே புகையில் நிற்கிறாள் என்பதையும் நாம் நினைப்பதில்லை. கண் எரிந்தால் எழுந்து வெளியே வாருங்கள்.

பார்மல்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் சாதுவன்று. 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறை, முடியை நேராக்கிய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். இந்த அமிலம் சேர்ந்த கிரீமைத் தடவும்போதே அவருக்குத் தலை எரிந்திருக்கிறது. பின்னர் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி. அதே கிரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தென்பட்டன. இது அரிதாகவே நேர்கிறது. ஆனாலும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சிகிச்சையைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

செய்துகொள்வது என்று முடிவெடுத்தவர்கள், தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். கிரீம் தலைத்தோலில் படாமல் சற்றுத் தள்ளியே தடவச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் ஒரு கற்றையில் முதலில் செய்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தில் இதில் இறங்கவே வேண்டாம். கல்யாணத்தன்று காலையில் அயனிங் செய்துகொண்டாலே அன்றைய புகைப்படங்களுக்குப் போதும். கிண்ணத்தில் கலந்து கொண்டுவந்தால், எந்தப் புட்டியிலிருந்து ஊற்றினார்கள் என்று கேட்டு, லேபிளின் பின்பக்கத்தை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓரிரு நாளில் வாந்தியோ முதுகுவலியோ வந்து மருத்துவமனைக்குப் போனால், முடிக்கு என்ன செய்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.