மரவள்ளி மாவுப் பை: எது சட்டப்படி செல்லும், எது செல்லாது?

பழக்கடையில் தரும் கேரி பேக் பச்சை நிறத்தில் இருந்து, அதில் ஓர் இலைப் படமும் 'மக்கும் பை' என்ற எழுத்தும் இருந்தால், அது அரசு அனுமதித்த பைதான் என்று நம்மில் பலர் நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். விதியைப் படித்த பிறகுதான் புரிந்தது, அந்த இலைப் படத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. பையில் சான்றிதழ் எண் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்பது இங்கே கணக்கில் வராது. நாடு முழுவதற்கும் உள்ள விதி வேறு மாதிரி. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. 2021-இல் செய்த திருத்தத்தின்படி, 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், ஸ்ட்ரா போன்றவற்றுக்குத் தடை. கேரி பேக் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மாநிலத் தடை, மத்திய விதி இரண்டிலும் கம்போஸ்டபிள் பைக்கு, அதாவது உரக்குழியில் மக்கும் பைக்கு, விலக்கு உண்டு. தடிமன் கட்டுப்பாடும் அதற்குக் கிடையாது.

மாவிலிருந்து செய்யும் பைகள் இந்த விலக்கின் கீழ்தான் விற்பனைக்கு வருகின்றன. மரவள்ளி, சோளம், உருளைக்கிழங்கு என எதில் எடுத்த மாவானாலும், கிளிசரினும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் பிளாஸ்டிக் போல இளகும். ஆனால் வெறும் மாவு ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் கிழியும். அதனால் மக்கக்கூடிய வேறு பிளாஸ்டிக் வகைகளை, பெரும்பாலும் பிபிஏடி அல்லது பிஎல்ஏவை, கலக்கிறார்கள். பிஎல்ஏ சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து வருவது. பிபிஏடி பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் மக்கும். கவலை தருவது வேறொரு கலவை. சாதாரண பாலித்தீனில் கொஞ்சம் மாவைக் கலந்தால் மாவு மட்டும் மக்கிவிடும், பாலித்தீன் துணுக்குத் துணுக்காக மண்ணிலேயே தங்கிவிடும். 'மாவில் செய்தது' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சரி, அசலை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரநிலை இதற்கு இருக்கிறது. சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரமும் காற்றும் உள்ள உரக்குவியலில் பொருளைப் போடுகிறார்கள். 12 வாரத்தில் அது சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்காமல் போக வேண்டும். 180 நாளுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். கன உலோகங்களின் அளவையும் பார்க்கிறார்கள். அந்த உரத்தில் விதை போட்டால் ஒழுங்காக முளைக்கிறதா என்பதும் சோதனையில் அடங்கும். இதில் தேறி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்கிய பிறகே பையை விற்கலாம். பையின் மேல் நிறுவனத்தின் பெயரும் சான்றிதழ் எண்ணும் 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லும் இருக்க வேண்டும்.

இன்னொரு சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது, 'பயோடீகிரேடபிள்'. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். உரக்குவியலின் சூட்டில் மக்குவது கம்போஸ்டபிள். சாதாரண மண்ணிலோ தண்ணீரிலோ, நுண் பிளாஸ்டிக் எதையும் விட்டுவைக்காமல் மக்கினால்தான் பயோடீகிரேடபிள் என்று அதே மத்திய விதிகளின் 2024 மார்ச் திருத்தம் வரையறுக்கிறது. அதற்கும் வாரியத்தின் சான்றிதழ் வேண்டும்.

அப்புறம், வீட்டில் என்ன செய்வது? சான்றிதழ் உள்ள பையாகவே இருந்தாலும் சாக்கடையிலோ ஏரியிலோ போய் விழுந்தால் அந்த 58 டிகிரி சூடு அங்கே கிடைக்காது. மாடு தின்றால் அதற்கும் ஆபத்துதான். மக்கும் குப்பையோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் தூய்மைப் பணியாளரிடம் இது இன்ன பை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உரம் தயாரிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் என்று நினைத்துத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். இத்தாலியின் மிலான் நகரத்தில் வீட்டு உணவுக் கழிவைச் சேகரிக்கவே இத்தகைய பைகளைப் பயன்படுத்துகிறார்கள். குப்பை எடுக்கும் ஏற்பாட்டோடு பை இணைந்திருப்பதால் அங்கே அது பலன் தருகிறது. நம் ஊரில் பை முதலில் வந்துவிட்டது, ஏற்பாடு இனிமேல்தான் வர வேண்டும்.

கேரி பேக்கைத் தாண்டியும் மாவுப் பிளாஸ்டிக்குக்கு நல்ல வேலைகள் உண்டு. கண்ணாடிச் சாமான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் நிரப்பும் நுரை உருண்டைகளை மாவிலேயே செய்யலாம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். வயலில் களை வராமல் விரிக்கும் மூடாக்குத் தாளும் இதில் செய்கிறார்கள், அறுவடைக்குப் பிறகு உழுதுவிடலாம். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் மரவள்ளி போடும் விவசாயிகளுக்கு இது இன்னொரு சந்தையாக அமைந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. போலிப் பை மலிவாகப் பக்கத்திலேயே தொங்கும்வரை அது நடக்காது.

கடை வைத்திருப்பவர்கள், பை கொண்டுவரும் விற்பனையாளரிடம் சான்றிதழின் நகலையும் பில்லையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது, பையில் உள்ள பெயரை அதில் சரிபார்க்கலாம். எண் இல்லாத பையைப் பார்த்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் செய்யலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பற்றிப் புகார் தர மத்திய வாரியத்தின் கைபேசிச் செயலியும் இருக்கிறது. பையின் இருபுறமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, வாங்கிய பில்லோடு சேர்த்து அனுப்புங்கள்.